புளி படாத பித்தளை

பழைய நாணயம் சேர்க்கிறவருக்கு ஊரில் மரியாதை உண்டு. பழைய கேமரா சேர்க்கிறவரைக் கலைஞர் என்று எடுத்துக்கொள்வார்கள். நிலம் அளக்கும் தியோடலைட், ஓட்டைப் பாரமானி, மூடியைத் திறந்தால் குடல் தெரிகிற மனித பொம்மை என்று சேர்த்துவைப்பவனிடம் மட்டும் வீட்டு உரிமையாளர்கள், "சார் எங்க வேலை பார்க்கிறீங்க?" என்று இரண்டாம் முறையும் கேட்பார்கள். முதல் முறை சொன்ன பதிலை அந்தப் பொம்மையைப் பார்த்ததும் நம்ப முடியாமல் போயிருக்கும்.

இந்தப் பைத்தியத்துக்கு ஒரே சட்டம்தான். பளபளவென்று இருந்தால் சந்தேகப்படு, அழுக்காக இருந்தால் கிட்டே போ.

நூறு, நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய பித்தளைக் கருவிகளுக்கு மேலே மெல்லிய அரக்குப் பூச்சு கொடுத்திருப்பார்கள். காலம் ஆக ஆக அது தேன் நிறத்துக்கு மாறி, அங்கங்கே கறுத்து, பிடித்த கைகளின் தடத்தையும் வாங்கிக்கொள்ளும். சேகரிப்பவருக்குச் சொத்தே அந்தக் கறுப்புத்தான். நல்ல தியோடலைட்டில் பாகைக் கோடுகளை வெள்ளிப் பட்டையில் கீறியிருப்பார்கள். மயிரிழைக் கோடுகள். அவற்றை அழுத்தித் தேய்த்தால் கோடு போய்விடும், வெறும் வெள்ளிதான் மிஞ்சும். அப்புறம் அதைக் கொண்டு பரங்கிமலையையும் அளக்க முடியாது, பக்கத்து வீட்டுக் காம்பவுண்டுச் சுவரையும் அளக்க முடியாது.

இதையெல்லாம் என் மாமியாருக்கு விளக்க எனக்குத் தெம்பு போதவில்லை. அவருக்குக் கும்பகோணம். பித்தளை கறுத்திருந்தால் அந்த வீட்டில் பெண்கள் இல்லை, அல்லது இருந்தும் பிரயோஜனம் இல்லை என்பது அவருடைய கட்சி. ஓர் ஆயுத பூஜைக்கு முதல் நாள் நான் ஆபீஸிலிருந்து திரும்பியபோது, என் மைக்ராஸ்கோப் ஒன்று குத்துவிளக்கு மாதிரி ஜொலித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் புளிச்சக்கை.

"மாப்பிள்ளை, இதை இப்படிக் கறுக்க விட்டா வீட்ல லட்சுமி தங்குவாளா?" என்றார்.

லட்சுமி அதில்தான் தங்கியிருந்தாள், நீங்கள்தான் தேய்த்து அனுப்பிவிட்டீர்கள் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. மறுநாள் பூஜையில் எல்லாக் கருவிகளுக்கும் சந்தனம், குங்குமம். மைக்ராஸ்கோப்புக்குப் பொட்டு வைக்க லென்ஸைவிடத் தோதான இடம் அவருக்குக் கிடைக்கவில்லை. நெற்றி எது என்று யாருக்குத்தான் தெரியும்?

பளபளப்பின் இன்னொரு ஆபத்து கடைகளில் இருக்கிறது. சுற்றுலா ஊர்களில், மரப் பெட்டிக்குள் வெல்வெட் விரித்து, கப்பலில் சூரியனின் உயரத்தை அளக்கிற செக்ஸ்டன்ட் விற்பார்கள். அதில் "கெல்வின் அண்டு ஹியூஸ், லண்டன், 1917" என்று பொறித்திருக்கும். அந்தப் பெயரில் அப்படி ஒரு கம்பெனி உருவானதே 1947இல், இரண்டு நிறுவனங்கள் ஒன்று சேர்ந்தபோது. பிறப்பதற்கு 30 வருஷம் முன்பே வேலைக்குப் போன கம்பெனி இது ஒன்றாகத்தான் இருக்கும். இந்த மாதிரிச் சாமான்கள் நிறைய ரூர்க்கியில் தயாராகின்றன. சர்வே கருவி செய்வதில் பேர் போன ஊர் என்பதால் கைவேலை சுத்தமாகவே இருக்கும். அலங்காரப் பொருள் என்று சொல்லி விற்றால் நான் குறை சொல்லமாட்டேன். ஒரு கடைக்காரரிடம் இந்த வருஷக் கணக்கைப் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். அவரும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "1947 வேணும்னாலும் போட்டுத் தரலாம் சார், ரெண்டு நாள் ஆகும்" என்றார்.

அடிபட்ட கருவிதான் அசல் கருவி என்கிற என் வாதத்துக்குத் தஞ்சாவூரிலேயே சாட்சி உண்டு. 1802இல் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து, இந்தியாவை அளக்கும் சர்வே வேலையை ஆரம்பித்த வில்லியம் லாம்ப்டன், லண்டனில் கேரி என்கிற கருவிக்காரரிடம் பெரிய தியோடலைட் ஒன்றுக்குச் சொல்லியிருந்தார். எடை ஏறக்குறைய அரை டன். அது வந்த கப்பலை வழியில் பிரெஞ்சுக்காரர்கள் மடக்கி மொரீஷியஸுக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். உள்ளே இருப்பது விஞ்ஞானக் கருவி என்று தெரிந்ததும், சண்டை நடக்கிற காலம் என்றும் பாராமல், மரியாதையாகச் சென்னைக்கே அனுப்பிவைத்தார்கள். எதிரி பிடித்த சாமான் முழுசாக வந்து சேர்ந்தது. நான் காசு கொடுத்துக் கூரியரில் வரவழைத்த பாரமானி பாகம் பாகமாக வந்தது. அது பாகம் பிரிகிற வகையும் இல்லை.

காவிரிப் படுகையில் மலைக்கு எங்கே போவது? தூரத்துக் குறிகள் தெரிய வேண்டுமானால் கோயில் கோபுரத்தில்தான் ஏற வேண்டும். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் உச்சிக்கு அந்த அரை டன்னைக் கயிறு கட்டி ஏற்றினார்கள். கயிறு அறுந்தது. கருவி சுவரில் போய் மோதியது. பாகை குறித்த பெரிய வட்டமே கோணிப் போய்விட்டது. வேறு ஆளாக இருந்தால் லண்டனுக்குக் கடிதம் எழுதிவிட்டு இரண்டு வருஷம் லீவு போட்டிருப்பார். லாம்ப்டன் கூடாரத்துக்குள் புகுந்துகொண்டு, ஆறு வாரம் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, முடுக்கி, தட்டி, வட்டத்தைப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். அதற்குப் பிறகும் பல வருஷம் அதே கருவி இந்தியாவை அளந்தது. இப்போது டேராடூனில் சர்வே ஆஃப் இந்தியாவிடம் இருக்கிறது.

மாமியாரிடம் இந்தக் கதையை உருக்கமாகச் சொன்னேன். "செருப்புக் காலோட கோயில் உச்சியில ஏறினா ஈஸ்வரன் சும்மா விடுவாரா?" என்றார். நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இவ்வளவு சுருக்கமாகக் காரணம் சொல்லவில்லை.

இனி பொம்மை. வைத்தியம் படிக்கிறவர்களுக்கு அந்தக் காலத்தில் பெரிய தொல்லை, பிணம் கிடைக்காது, கிடைத்தாலும் தங்காது. அதனால் இத்தாலியில் மெழுகில் செய்துபார்த்தார்கள். 1775இல் திறந்த ஃபிளாரன்ஸின் லா ஸ்பெகோலா அருங்காட்சியகத்தில் மெழுகுப் பெண் ஒருத்தி படுத்திருக்கிறாள். நிஜத் தலைமுடி, கழுத்தில் முத்துமாலை. மார்பிலிருந்து வயிறு வரை மூடியாகக் கழன்று வரும். உள்ளே ஒவ்வோர் உறுப்பாக எடுக்கலாம். கர்ப்பப்பை வரை எடுத்த பிறகும் முத்துமாலை அப்படியே இருக்கும். நம் ஊர் மணப்பெண்கள்கூட இவ்வளவு உறுதியாக இருந்ததில்லை.

மெழுகை மாணவர்கள் கையில் கொடுக்க முடியாது, உருகும், உடையும். இதற்கு வழி கண்டவர் லூயி ஓசூ என்கிற பிரெஞ்சு மருத்துவர். காகிதக் கூழோடு பசை, களிமண், தக்கைத் தூள் கலந்து அச்சில் அழுத்தி, காய்ந்ததும் வண்ணம் தீட்டி, கொக்கி வைத்து, ஒவ்வொரு துண்டிலும் எண் ஒட்டி, ஒரு முழு மனிதரைக் கழற்றிப் பூட்டும்படி செய்தார். நார்மண்டியில் தான் பிறந்த கிராமத்திலேயே 1820களின் கடைசியில் பட்டறை போட்டு, ஊர் ஆட்களைப் பழக்கினார். மனிதரோடு நிறுத்தாமல் குதிரை, நத்தை, பட்டுப்புழு எல்லாவற்றையும் பிரித்துக் காட்டினார். அவர் பட்டறைப் பொம்மை ஒன்றை வாங்க நான் என் நிஜ உறுப்புகளை விற்க வேண்டியிருக்கும்.

என்னிடம் இருப்பவர் பேர் தெரியாத உள்ளூர்த் தயாரிப்பு. ஒரு பள்ளி உயிரியல் லேபிலிருந்து கழித்துக் கட்டப்பட்டவர். இடுப்பு வரைதான் இருக்கிறார், அதிலும் ஈரல் இல்லை. அவர் மேனி முழுக்க வண்ணம் ஒரே மாதிரி தேயவில்லை. மண்ணீரல் புத்தம் புதுசாக இருக்கிறது. இதயம் மட்டும் வழுக்கைத் தலையாகிவிட்டது. எந்தப் பள்ளிக்கூடத்திலும் வாத்தியார் திரும்பியதும் பையன்கள் முதலில் பிடுங்குவது இதயத்தைத்தான்.

கொலு பொம்மையும் காகிதக் கூழ், இவரும் காகிதக் கூழ், அதனால் இவருக்கும் ஒரு படி கொடுக்கலாமே என்று நவராத்திரியில் மனைவியிடம் கேட்டேன்.

"ஏங்க, தசாவதாரத்துக்குப் பக்கத்துல குடலா?"

பேச்சுவார்த்தையின் முடிவில், உடம்பு தெரியாதபடி அங்கவஸ்திரம் போர்த்திக் கடைசிப் படிக்குக் கீழே ஓரமாக உட்கார அனுமதி கிடைத்தது. எதிர்வீட்டு மாமி வந்தவர் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இவர் எந்த மடத்துப் பெரியவர்?" என்று கேட்டுக் கைகூப்பினார். அதற்குள் அவருடைய பேரன் அங்கவஸ்திரத்தை விலக்கி, நேராக இதயத்தை எடுத்துப் பாட்டி கையில் கொடுத்துவிட்டான். அந்த வருஷம் எங்கள் வீட்டுச் சுண்டல் நிறைய மீந்தது.

"ஒரிஜினல் எலும்புக்கூடு இருக்கு சார், வேணுமா?" என்று கேட்ட தரகர்களும் உண்டு. அந்தப் பக்கம் நான் போவதில்லை. கல்கத்தாவிலிருந்து உலகத்து மருத்துவக் கல்லூரிகளுக்கெல்லாம் எலும்பு ஏற்றுமதியான காலம் ஒன்று இருந்தது. 1985இல்தான் அரசு அதைத் தடை செய்தது. அந்த எலும்புகளுக்கு உரியவர்களில் எத்தனை பேரிடம் யார் சம்மதம் கேட்டிருப்பார்கள்? காகிதக் கூழ்காரரை வைத்துக்கொண்டு ராத்திரி நிம்மதியாகத் தூங்கலாம்.

இதைப் படிக்கும் தலைமையாசிரியர்களுக்கும் இயற்பியல் துறைத் தலைவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். உங்கள் லேப் பீரோவின் கீழ்த்தட்டில் டேஞ்சென்ட் கால்வனாமீட்டர், பிளக் காணாமல்போன போஸ்ட் ஆபீஸ் பாக்ஸ், கண் பொம்மை, காது பொம்மை எல்லாம் தூசியோடு கிடக்கும். கண்டம் பண்ணி ஏலம் விடுமுன் அவற்றின் மரப் பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள், செய்தவர் பெயரும் ஊரும் பெரும்பாலும் அதன் மூடிக்குள்தான் ஒட்டியிருக்கும். பழைய ஸ்டாக் ரெஜிஸ்டரைப் பத்திரப்படுத்துங்கள், வாங்கிய வருஷமும் விலையும் அதில் இருக்கும். முடிந்தால் ஒன்றிரண்டைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பிள்ளைகள் பார்க்க விடுங்கள். அதற்கும் வழியில்லை, எடைக்குத்தான் போடப்போகிறோம் என்றால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். காயலான் கடைக்காரர் கொடுப்பதைவிடக் கிலோவுக்குக் கொஞ்சம் கூடவே தருகிறேன். ஈரல் இருந்தால் தனி விலை.