கேட்கவும் படிக்கணும்!

கேள்வி: பி.எஸ்சி. சைக்காலஜி முடித்துவிட்டேன். எம்.எஸ்சி. கவுன்சிலிங் சைக்காலஜி படிக்க ஆசை. "பேசுறதுக்கு எதுக்கும்மா பட்டம்?" என்கிறார் அப்பா.
– வாசகி, கம்பம்

பதில்: பேச நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். குறுக்கே பேசாமல் கேட்கத்தான் இந்த 2 வருடம் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். ஸ்ரீபெரும்புதூர் ராஜீவ்காந்தி தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனத்தில் இந்தப் படிப்பு இருக்கிறது. எங்கே சேர்ந்தாலும், நேரடிப் பயிற்சி எவ்வளவு என்று முதலில் விசாரியுங்கள். மாத்திரை எழுதுவது கவுன்சிலர் வேலையல்ல, மனநல மருத்துவர் வேலை. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆக இந்தப் பட்டம் மட்டும் போதாது, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு வேண்டும். படித்துவிட்டு கம்பத்துக்கே வாருங்கள் தாயி! விடியுமுன் தூக்குவாளியோடு ஜீப்பில் நெருக்கியடித்து ஏலத்தோட்டத்துக்குப் போகும் அக்காக்களிடம், "உனக்கு எப்படி இருக்கு?" என்று யார் கேட்கிறார்கள்? அதுவரை அவர்களின் அவசரத்துக்கு 14416, டெலிமானஸ் மனநல உதவி எண். தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.