புகார்கள்: பூஜ்யம்

வாழ்த்துகள், நிர்வாக இயக்குநர் அவர்களே! இந்த ஆண்டறிக்கையிலும் அந்த வரி பளபளக்கிறது: 'பாலியல் துன்புறுத்தல் குறித்து வந்த புகார்கள்: பூஜ்யம்.' போன வருஷமும் பூஜ்யம். அதற்கு முந்தின வருஷமும் பூஜ்யம். ஆயிரம் பேர் வேலை பார்க்கும் இடத்தில் ஏசி குளிரவில்லை, கேன்டீன் சாம்பாரில் உப்பில்லை, பார்க்கிங்கில் இடமில்லை என்று தினம் ஒரு புகார் வருகிறது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒருவரும் வாய் திறப்பதில்லை. உங்கள் ஆட்சியில் பெண்கள் அத்தனை நிம்மதியாக இருக்கிறார்களாம்!

இந்தப் பூஜ்யம் தானாக விளைந்ததல்ல. நீங்கள் உரம்போட்டு வளர்த்தது. தொழில் ரகசியத்தை மற்ற முதலாளிகளும் தெரிந்துகொள்ளட்டும்.

முதலில் கமிட்டி. 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் உள்ளகப் புகார் குழு கட்டாயம் என்கிறது பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம். தலைமைக்கு ஒரு மூத்த பெண் ஊழியர். உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள். பெண்கள் பிரச்சினையில் அனுபவமுள்ள வெளியாள் ஒருவர். நீங்கள் சட்டத்தை மதிப்பவர். ஆகவே உங்கள் கையெழுத்தில் இன்க்ரிமென்ட் வாங்கும் ஹெச்.ஆர். மேடம் தலைவர் ஆனார். உங்கள் ஆடிட்டரின் மனைவி வெளியாள் ஆனார். மீதி இரண்டு பேருக்குத் தாங்கள் கமிட்டியில் இருப்பதே தெரியாது. ரகசியம் காப்பதில் உங்களை மிஞ்ச ஆளில்லை.

அடுத்து அறிவிப்பு. குழுவில் யார் யார், குற்றத்துக்கு என்ன தண்டனை என்பதைக் கண்ணில் படும் இடத்தில் ஒட்ட வேண்டும். ஒட்டியிருக்கிறீர்கள்: ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில், ஆயுத பூஜை நோட்டீஸுக்கு அடியில், ஆங்கிலத்தில். கூட்டிப் பெருக்கும் அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாதது அவர் குற்றம்தானே?

மார்ச் 8 அன்று மட்டும் எந்தக் குறையும் வைப்பதில்லை. ஆளுக்கொரு ரோஜா, கோலப்போட்டி, கேக். 'பெண்மையைப் போற்றுவோம்' என்று உருகிப் பேசுகிறவர் சேல்ஸ் மேனேஜர். அவர் லிஃப்டில் ஏறினால் பெண்களெல்லாம் மாடிப்படியில் இறங்குகிறார்கள். உடற்பயிற்சியில் அவர்களுக்கு உள்ள ஆர்வத்தையும் அந்த மேடையிலேயே பாராட்டினார்.

இத்தனைக்குப் பிறகும் ஒருத்தி அவர் மேல் புகார் எழுதிக் கொடுத்துவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். ராத்திரி 11 மணிக்கு வரும் 'தூங்கிட்டியா?' என்ற வாட்ஸ்அப். ஃபைல் பார்க்கும் சாக்கில் தோளில் வந்து விழும் கை. 'இந்தச் சுடிதாருக்கே ப்ரொமோஷன் குடுக்கலாம்' என்ற பாராட்டு. எல்லாம் தேதிவாரியாக இருக்கிறது. கான்ஃபரன்ஸ் ஹாலில் ஏசி ஓடுகிறது, பிஸ்கட் தட்டு வருகிறது, விசாரணை தொடங்குகிறது.

"முதல் தடவையே ஏம்மா சொல்லல?"

"அவர் எல்லார்கிட்டயும் அப்படித்தாம்மா. ஜாலி டைப்."

"அவருக்கும் பொண்ணு இருக்கு தெரியுமா? ப்ளஸ் டூ படிக்குது."

"பதிலுக்கு நீ ஏன் ஸ்மைலி போட்ட?"

"வீட்ல வரன் பார்க்கிறதாக் கேள்விப்பட்டேன். வெளியில தெரிஞ்சா உன் பேருதானேம்மா கெடும்?"

கடைசிக் கேள்வியில் அக்கறை சொட்டுகிறது. மிரட்டலைக்கூட அம்மா ஸ்தானத்தில் இருந்து செய்யத் தெரிந்தவர்கள் இவர்கள். அப்ரைசல் எழுதும் ஆளுக்கு அவள் ஸ்மைலி போடாமல் செருப்புப் படமா போடுவாள்? தொடுவது, 'ஒத்துழைக்க'க் கேட்பது, ஆபாசமாகப் பேசுவது, ஆபாசப் படம் காட்டுவது, சொல்லாலும் சைகையாலும் இப்படிச் செய்கிற வேறு எதுவும் அவள் விரும்பாதபோது துன்புறுத்தல்தான் என்று சட்டம் பட்டியலே போட்டிருக்கிறது. அவன் ஜாலி டைப்பா, அவன் மகள் என்ன படிக்கிறாள் என்ற கேள்விகளுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.

விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். உங்கள் ஆபீஸில் அதற்குள் அவளுக்கு ஓசூர் கிளைக்கு மாற்றல் ஆர்டர் வந்துவிடும். விசாரணை நடக்கும்போது அவனையோ தன்னையோ வேறிடத்துக்கு மாற்றும்படி எழுதிக் கேட்கும் உரிமை அவளுக்குத்தான் உண்டு. அவள் கேட்கவே இல்லை. நீங்களாகவே கொடுத்தீர்கள், கொடை வள்ளல்! ராமராஜ்யத்திலும் ஊர்தான் பேசியது, காட்டுக்குப் போனவள் சீதை. ஒரு மாதத்தில் ராஜினாமாக் கடிதம் வரும். காரணம்: 'சொந்தக் காரணங்கள்.' புகார் வாபஸ். ஆண்டறிக்கை சுத்தம்.

'பொய்ப் புகார் கொடுத்தால் நடவடிக்கை' என்று மறக்காமல் மிரட்டுவீர்கள். நிரூபிக்க முடியாமல் போனாலே அது பொய்ப் புகார் ஆகிவிடாது என்று சட்டத்தின் அதே பிரிவில் எழுதியிருப்பதை மட்டும் வாசிக்க மாட்டீர்கள். கமிட்டியே அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். ஆண்டுவிழாவுக்கு டிஜே வைத்த பில் அதைவிட அதிகம்.

இந்தக் குழுவை ஊழியர்கள் 'விசாகா கமிட்டி' என்கிறார்களே, அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? ராஜஸ்தானில் பன்வாரி தேவி என்ற அரசுத் திட்டப் பணியாளர் ஒரு குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனார். அது அவர் வேலை. அதற்குத் தண்டனையாக 1992இல் ஆதிக்கச் சாதி ஆண்கள் அவரைக் கூட்டாக வன்புணர்ந்தார்கள். 1995இல் விசாரணை நீதிமன்றம் அவர்களை அந்தக் குற்றத்திலிருந்து விடுவித்தது. பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போய், பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் விசாகா வழிகாட்டுதல்களை 1997இல் வாங்கின. அதைச் சட்டமாக்க நாடாளுமன்றத்துக்கு இன்னும் 16 ஆண்டுகள் தேவைப்பட்டன. 2023இல் அதே உச்ச நீதிமன்றம், சட்டம் வந்து பத்தாண்டாகியும் அமலாக்கம் இந்த லட்சணத்திலா என்று நொந்துகொண்டது. ஒரு பெண்ணின் உடம்பில் எழுதப்பட்ட சட்டத்தைத்தான் நீங்கள் ஜெனரேட்டர் ரூமுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறீர்கள்.

'துணிச்சல் இருந்தால் புகார் கொடுக்க வேண்டியதுதானே?' என்பவர்களுக்கு ஒரு சம்பவம். 2021 பிப்ரவரி. தமிழ்நாட்டில் ஒரு பெண் எஸ்.பி., தன்னிடம் அத்துமீறிய சிறப்பு டிஜிபி மீது புகார் கொடுக்கச் சென்னைக்குக் காரில் போகிறார். செங்கல்பட்டு அருகே சுங்கச்சாவடியில் அவர் காரையே போலீஸ் மறித்தது. காக்கிச் சட்டையும் ஐ.பி.எஸ். பதவியும் கொண்டவருக்கே அதுதான் மரியாதை. 2023 ஜூனில் விழுப்புரம் நீதிமன்றம் அந்த சிறப்பு டிஜிபிக்கு 3 ஆண்டு சிறை விதித்தது. காரை மறித்த அதிகாரிக்கு 500 ரூபாய் அபராதம். ஒரு பெண்ணின் வாயை அடைக்கப் பார்த்ததற்கு நம் ஊரில் ரேட் இவ்வளவுதான்.

எஸ்.பி.க்கே இந்தக் கதி என்றால் தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பவள் கதி? அதே 2021 ஜனவரியில் திண்டுக்கல் பக்கம் ஓர் ஆயத்த ஆடை ஆலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். கைதானவர் அதே ஆலையின் மேற்பார்வையாளர். பெண் தொழிலாளர்கள் தலைமையிலான தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் போராடியது. துணி வாங்கும் வெளிநாட்டு பிராண்டுகளையும் இழுத்து வந்து 2022இல் திண்டுக்கல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வைத்தது. தையல் வரிசைகளில் இருந்தே கண்காணிப்பாளர்களாகப் பெண்கள் வந்தார்கள். புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது என்று எழுதி வாங்கினார்கள். பிறகு என்ன நடந்தது? புகார்கள் வரத் தொடங்கின. பெரும்பாலானவை தீர்க்கவும் பட்டன. பயம் போன இடத்தில் புகார் வரும், இயக்குநர் அவர்களே. வராத இடத்தில் என்ன இருக்கிறது என்று நாங்கள் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

இனி உங்களிடம் பேசிப் பயனில்லை. வேலைக்குப் போகும் பெண்களிடம் பேசுகிறேன். மெசேஜை அழிக்காதீர்கள். நடந்ததை அன்றைக்கே தேதி போட்டு எழுதி வையுங்கள். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுங்கள். தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் தரலாம். கம்பெனி வண்டியும் பணியிடம்தான், வீட்டு வேலை செய்யும் வீடும் பணியிடம்தான். 10 பேருக்குக் குறைவான இடமானாலும், முதலாளியே கை வைத்தாலும், மாவட்ட அளவில் உள்ளூர்ப் புகார் குழு உண்டு. ஆட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள். போலீசுக்குப் போகும் உரிமையும் கூடவே இருக்கிறது.

பக்கத்து சீட்டில் இருந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கம்ப்யூட்டருக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்ளும் அண்ணன்களே, அக்காக்களே! உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. நாளைக்கு அவள் புகார் எழுதினால் சாட்சியாக உங்கள் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். அவள் தனியாகத்தான் போவாள் என்ற தைரியத்தில்தான் அவன் கை நீள்கிறது.