சிஓடூ தம்பி

தருமபுரிப் பக்கம் பாப்பாரப்பட்டியில் ஒரு கேட் பட்டறைக்கு மிக் வெல்டிங் மெஷின் வந்து இறங்கினால், கூடவே ஒரு புது மனிதனும் உருவாகிவிடுகிறான். மிக் என்பது புத்தகப் பெயர். பட்டறையில் அது, ஓடும் கேஸின் பெயரால், சிஓடூ. ஆகவே இவனைச் சிஓடூ தம்பி என்போம். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாளே தானாகக் கறுக்கும் ஹெல்மெட் ஒன்றை ஆன்லைனில் வாங்கிவிடுவான். போட்ட பீடிங்கை, அதாவது ஒட்டிய கோட்டை, படமெடுத்து ஸ்டேட்டஸ் வைப்பான். பார்த்துச் சிரிப்பது சுலபம். ஆனால் இவன் தலைக்கனத்தில் பாதி அந்த மெஷின் கொடுத்தது என்பது என் கட்சி.

பழைய ராடு வெல்டிங் ஆளை முதல் நாளே அவமானப்படுத்தும். தட்டினால் ராடு ஒட்டிக்கொள்ளும், பிடுங்கினால் வளையும். ஆர்க் பிடித்துவிட்டாலும் ராடு உருகிக் குறையக் குறையக் கையை இறக்கிக்கொண்டே போகவேண்டும். சிஓடூவில் இந்தப் பாடு கிடையாது. டிரிகரை அழுத்தினால் செம்பு பூசிய 0.8 மி.மீ. கம்பி தானே வந்துகொண்டிருக்கும். தட்டி எடுக்க ஸ்லாக் எனும் கசடும் இல்லை. கம்பி வேகத்தைக் கூட்டினால் கரண்ட் கூடும், வோல்டேஜைக் கூட்டினால் ஆர்க் நீளும். இரண்டும் பொருந்தினால் எண்ணெயில் வடை வேகிற மாதிரி ஒரே சீராகச் சத்தம் வரும். தம்பி கம்பியில் வள்ளல், வோல்டேஜில் கஞ்சன். பீடிங் உருண்டு திரண்டு பளிச்சென்று நிற்கும். அடியில் உள்ள இரும்போடு அதற்கு ஒட்டுமில்லை, உறவுமில்லை. மெல்லிய ஸ்கொயர் பைப் என்றால் தப்பித்துவிடுவான். அதே செட்டிங்கில் 10 மி.மீ. பட்டையை ஒட்டி, வைஸில் பிடித்துச் சுத்தியலால் நாலு போடு போட்டால் பீடிங் முழுசாகப் பெயர்ந்து வரும். ஆனால் ஸ்டேட்டஸில் அதற்கு விழுந்த லைக் அப்படியே இருக்கும்.

கேஸ் விஷயத்தில் தம்பியின் தர்க்கம் இன்னும் உயரும். உருகிய இரும்பை வெளிக்காற்று தொடாமல் காப்பது சிலிண்டர் கேஸ். நிமிடத்துக்கு 10 முதல் 15 லிட்டர் போதும். ரோட்டைப் பார்த்துத் திறந்து கிடக்கும் பட்டறையில் ஆடிக்காற்று அதை அடித்துக்கொண்டு போய்விடும், பீடிங் எங்கும் பொத்தல் விழும். மறைப்புக்கு ஒரு தகரத்தை நிறுத்தினால் தீர்ந்தது. தம்பியோ ரெகுலேட்டரை 30-க்கு ஏற்றுவான். அந்த வேகத்தில் பாயும் கேஸ் சுழன்று வெளிக்காற்றையும் இழுத்துக்கொள்ளும், பொத்தல் அதிகமாகும். கேட்டால், “எர்த் சரியில்லண்ணே” என்பான். சிலிண்டரைத் திறக்க மறந்த நாளிலும் இதே பதில்தான்.

ஓசூர் தொழிற்சாலைகளில் ரோபோவே வெல்டிங் போடுகிறதே, பையனை ஏன் வதைக்கவேண்டும் என்று கேட்கலாம். ரோபோவுக்குக் கொடுக்கும் வோல்டேஜும் வேகமும் கோணமும் யாரோ ஒட்டி, அறுத்துப் பார்த்து முடிவு செய்தவை. அதுவாக எதையும் மாற்றாது. தம்பி மணிக்கொரு தரம் மாற்றுகிறான். அப்படியானால் முதலில் ராடுதான் பிடிக்கவேண்டுமா? பழைய மேஸ்திரிகள் ஆமாம் என்பார்கள், எனக்கு உடன்பாடில்லை. சிஓடூவிலேயே துண்டு இரும்பை ஒட்டி, அறுத்து, வளைத்துப் பார்க்கிற பொறுமை இருந்தால் போதும். ஐ.டி.ஐ.யில் வெல்டர் படிப்பை ஓராண்டு வைத்திருப்பது சும்மா இல்லை. பொறுமை இந்த ஊருக்குப் புதிதும் அல்ல. விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா 1923-இல் சித்தரஞ்சன் தாஸை அழைத்துவந்து பாரதமாதா கோயிலுக்கு அடிக்கல் நாட்டிய மண் இது; 1925-இல் சிவா இங்கேயே கண்மூடியபோதும் கோயில் எழும்பியிருக்கவில்லை. தம்பிக்கு ஒரு வாரமே அதிகம்.

கொஞ்சம் கனமான ஆட்சேபம் இதுதான்: இவன் போடுவது கேட்தானே, பாலமா? கேட்டோடு நின்றால் நானும் விட்டுவிடுவேன். அதே பட்டறைக்கு டிராக்டர் டிரெய்லர் கொக்கியும் வரும். தம்பி அதை ஒட்டி, கிரைண்டரால் வழவழவென்று தேய்த்து, பெயிண்டும் அடித்துவிட்டால், பாலக்கோடு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு லோடு ஏற்றும்வரை குட்டு வெளிப்படாது. மேஸ்திரிக்கு இது தெரியும். கொக்கி வந்து இறங்கும்போதெல்லாம் தம்பியை டீ வாங்க அனுப்பிவிடுகிறார்.