இருப்பிலக்கணம், ஹாலிஎல உரையுடன்

கையிருப்பு என்பது யாதோ எனின், கையில் இருப்பது அன்று. கையில் இருப்பது சம்பளத்தன்று வந்து பெட்டிக்கடைக் கொப்பியில் கழிந்துவிடும். அதற்குச் செலவு என்று பெயர். ஹாலிஎல பக்கத்துத் தோட்ட லயங்களில் எவரைக் கேட்டாலும் இந்த வேற்றுமையைச் சொல்வார்கள்.

வெளிநாட்டு நாணயம், தங்கம், சர்வதேச நாணய நிதியத்தில் உள்ள பங்கு, அந்த நிதியம் தரும் சிறப்பு எடுப்புரிமை எனக் கையிருப்பைப் பகுப்பது கொழும்பார் மரபு. அது பெட்டகத்துக்குள் என்ன கிடக்கிறது என்று பார்த்த பகுப்பு. பெட்டகத்துக்குள் கை போகுமா என்று பார்ப்பது நம் பகுப்பு.

முதலாவது, நிகரிருப்பு. நோட்டு எவ்வளவோ அவ்வளவுக்கு ஈடாகச் சொத்து வைத்திருப்பது. இதன் பிறப்பிடம் நம் ஊவா என்று துணிந்து சொல்லலாம். 1869இல் கோப்பி இலையில் துரு விழுந்திருப்பதை முதலில் கண்டது இங்கே பசறைக்கு அப்பால் மடுல்சீமையில். துரு மலையெல்லாம் பரவிக் கோப்பியைத் தின்றது. கோப்பிக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி 1884 மே மாதம் சாய்ந்தது. அந்த வங்கியின் நோட்டைச் சனங்கள் கையில் வைத்துக்கொண்டு நிற்க, ஆளுநர் ஆர்தர் கோர்டன் அரசே பொறுப்பு என்றார். அதே ஆண்டில் சட்டம் வந்தது. வெள்ளி நாணயமும் கடன்பத்திரமும் ஈடாக வைத்தே அரசு நோட்டு அடித்தது. இலைத்துரு நோட்டு வரைக்கும் ஏறிய கதை இது. 1950 ஆகஸ்ட் 28இல் மத்திய வங்கி திறந்து, ஜோன் எக்ஸ்டர் என்ற அமெரிக்கர் முதல் ஆளுநரானார். அதன்பின் நிகர் என்பது விதியாக இல்லை, விருப்பமாயிற்று.

இரண்டாவது, காட்சியிருப்பு. கல்யாண வீட்டுக்கு மச்சாளின் சங்கிலியை வாங்கிப் போட்டுக்கொண்டு போவது இவ்வகை. படத்தில் கழுத்து நிறைந்திருக்கும். இரவு திருப்பிக் கொடுத்தாக வேண்டும். 2021 நவம்பர் முடிவில் இலங்கையின் கையிருப்பு சுமார் 1.6 பில்லியன் டொலர். டிசம்பர் முடிவில் 3.1 பில்லியன். ஒரே மாதத்தில் ஏறக்குறைய இரட்டிப்பு! ஏறியதில் பெரும்பகுதி சீன மத்திய வங்கியோடு செய்த 10 பில்லியன் யுவான் பரிமாற்றம். அதைச் செலவழிக்க ஒரு நிபந்தனை இருந்தது: மூன்று மாத இறக்குமதிக்குப் போதுமான கையிருப்பு நாட்டிடம் இருக்க வேண்டும். அவ்வளவு இருப்பவர் இரவல் சங்கிலிக்கு ஏன் போகிறார்? "அற்றேல், இரவலும் இருப்பே அன்றோ?" எனின், படத்துக்கு ஆம், அடகுக்கு அன்று என்க.

மூன்றாவது, தொடுகையிருப்பு. காட்சியிருப்பைக் கழித்தபின் விரலுக்குத் தட்டுப்படுவது. வெளிநாட்டுக் கடனைக் கட்டமாட்டோம் என்று 2022 ஏப்ரல் 12இல் அறிவித்தார்கள். பயன்படுத்தக்கூடிய கையிருப்பு 50 மில்லியன் டொலரும் இல்லை என்று மே 4இல் நிதியமைச்சர் அலி சப்ரி பாராளுமன்றத்தில் சொன்னார். நாட்டுச் சனத்தொகைக்குப் பிரித்தால் தலைக்கு இரண்டு டொலர் சொச்சம். எங்கள் பக்கத்தில் இந்த எண்ணை யாரும் வாசிக்கவில்லை. மண்ணெண்ணெய்க் கானை வரிசையில் வைத்து, அதற்குக் கல்லை அடையாளம் வைத்துவிட்டு, பெரட்டுக்கு ஓடியவர்களுக்கு அது முன்னமே தெரிந்திருந்தது.

இதன் உட்பிரிவு கொழுந்திருப்பு. ஊவாவில் ஆடி, ஆவணியில் வறட்டுக் காற்று அடிக்கும்போது கொழுந்து மெதுவாக வரும், வாசம் ஏறும், ஏலத்தில் விலையும் ஏறும். அந்தக் கொழுந்து டொலராகி வங்கிக்குப் போவது வழக்கம். ஆனால் ஈரானிடம் வாங்கிய எண்ணெய்க் கடன் சுமார் 250 மில்லியன் டொலரை மாதம் 5 மில்லியன் பெறுமதியான தேயிலையாகக் கழிப்பதென்று 2021 டிசம்பரில் உடன்பட்டார்கள். பாட்டன்மாருக்கு இது புதிதல்ல. கடனைத் துண்டில் எழுதி, ஆளோடு சேர்த்துக் கைமாற்றிய முறை 1921இல் சட்டத்தால் ஒழிந்தது. ஒழிந்தது தொழிலாளிக்கு மட்டும்தான் போலும், நாட்டுக்கு அல்ல.

நான்காவதற்குத் துளையிருப்பு என்று பெயரிடுகிறேன். வேறு நூலில் இப்பெயர் இராது. தோட்டை அடகு வைத்தவள் காதை வெறுமையாக விடுவதில்லை. துளை தூர்ந்து போகாமல் ஓர் ஈர்க்குத் துண்டைச் செருகிக்கொள்வாள். நாட்டுக்கும் ஒரு தோடு இருந்தது. 2021 நவம்பர் முடிவில் மத்திய வங்கிக் கணக்கில் தங்கம் 382 மில்லியன் டொலர். டிசம்பர் முடிவில் 175 மில்லியன். பாதிக்கு மேல் விற்றாயிற்று. மிச்சம் மூன்று தொன் அளவில். உடனே கையாளக்கூடிய நாணயத்தைக் கூட்டவே விற்றோம் என்றார் வங்கியின் அப்போதைய ஆளுநர் கப்ரால். அன்று ஓர் அவுன்ஸ் 1,800 டொலர் அளவில் இருந்த தங்கம் 2025 ஒக்டோபரில் 4,000ஐத் தாண்டியது. இந்தியாவும் 1991இல் இந்த நிலைக்கு வந்து, 47 தொன் தங்கத்தை இங்கிலாந்து வங்கிக்கு விமானத்தில் அனுப்பியது. ஆனால் அது ஈடு. கடனைக் கட்டி மீட்டார்கள். நம்முடையது விற்ற தோடு. விற்ற தோட்டுக்கு ரசீது எதற்கு?

பக்கத்துக் காம்பரா அக்கா 2022இல் தோட்டை வைத்தார். 200 ரூபா அளவில் இருந்த டொலர் இரண்டு மூன்று மாதத்தில் 360ஐக் கடக்க, பவுண் விலையும் ஏறி, அதே தோட்டுக்கு முன்னைவிடக் கூடுதல் காசு கிடைத்தது. அந்தக் கூடுதலை அரிசி விலை அன்றைக்கே வாங்கிக்கொண்டது.

2024 முடிவில் நாட்டின் கையிருப்பு 6.1 பில்லியன் டொலருக்கு ஏறிவிட்டது என்று அவரிடம் சொன்னேன். அப்போது பழைய ஈர்க்கை எடுத்துப் போட்டுவிட்டு, விளக்குமாற்றிலிருந்து புதிதாக ஒன்றை ஒடித்து, நுனியைக் கல்லில் உரசிக்கொண்டிருந்தார்.

"நல்லது தம்பி," என்றார். "அது வரைக்கும் இது தூந்து போகாம இருக்கணுமே."