பாதியில் சொல்லலாமா?

கேள்வி: ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவலைப் பாதிதான் வாசித்திருக்கிறேன். அதற்குள் நண்பர்களிடம் அபிப்பிராயம் சொல்வது முறையா?
— தோட்டத்து வாசகர், பகாவ், நெகிரி செம்பிலான்

பதில்: தாராளமாகச் சொல்லுங்கள்! நூலை முடித்த பின்னரே வாய் திறக்கலாம் என்பது விதியாயிருந்தால், 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் வாரந்தோறும் வெளிவந்த 'பொன்னியின் செல்வ'னை வாசித்தவர் அத்தனை பேரும் மூன்றரை ஆண்டுக் காலம் மௌன விரதமன்றோ அநுஷ்டித்திருக்க வேண்டும்!

அதிலும் உங்கள் கையிலிருப்பது விசேஷமான நூல். தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடுவதற்காக 1942-43இல் ஜப்பானியர் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு சென்ற தமிழரில் பல்லாயிரவர் அந்தக் காட்டிலேயே மாண்டு போனார்களாதலால், அக்கதையின் மிச்சம் இன்னும் நம் குடும்பங்களின் ஞாபகத்தில் இருக்கிறது. ஆகவே மாலையில் லயத்து வாசலில் ஓர் அத்தியாயத்தை உரக்க வாசியுங்கள். காலராவைப் பற்றி வருமிடத்தில், "எங்கப்பா சொன்னது வேற மாதிரிப்பா" என்று ஒரு பாட்டி குறுக்கிட்டால், வாசிப்பை நிறுத்தி, அவர் சொல்வதைப் பக்க ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். விமர்சகர் எவருக்கும் கிட்டாத அபிப்பிராயம் அது. இரவல் புத்தகமாயின் தனிக் காகிதத்தில் எழுதுங்கள். முடிவை மட்டும் யாருக்கும் முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள்.