காண்டீனுக்கு டிக்கெட் கிடையாது

டேய் கண்ணு, பட்டணத்துல இருந்துகினு நீ பெரிய ரசிகனாவப் பாக்கறேன்னு உங்கம்மா சொன்னா. சந்தோசம்டா. மார்கழி பொறந்தா மயிலாப்பூரு, திருவல்லிக்கேணி, மாம்பலம்னு எந்தத் தெருவுல நொழைஞ்சாலும் பாட்டு. ஒரே சாயங்காலத்துல அஞ்சு சபாவுல அஞ்சு பேரு கல்யாணி பாடுவாங்க. எதுக்குப் போறதுன்னு நீ போனைத் தடவித் தடவிப் பாத்துட்டு, கடைசில எதுக்கும் போவாம பிரியாணி வரவழைச்சுத் தின்னுட்டுப் படுத்துடறியாம். அதையும் உங்கம்மாதான் சொன்னா.

நான் ஆரணியில தறியில ஒக்காந்தே காலத்தை ஓட்டுன கெழவன். சுரம் கிரம் ஒண்ணும் தெரியாது. ஆனா நாங்க நெய்ஞ்ச பட்டு எந்தெந்தக் கச்சேரிக்குப் போச்சோ, அதை வாங்குனவங்க புண்ணியத்துல நானும் அங்கங்க எட்டிப் பாத்திருக்கறேன். அந்த உரிமையில நாலு வார்த்தை சொல்றேன். கேட்டா கேளு, இல்லாட்டி பிரியாணியைத் தின்னு.

மத்தியானக் கச்சேரிக்கு மட்டும் போயிடாத. அது ஒன் அந்தஸ்துக்கு ஆவாது. பல சபாவுல மத்தியானத்துக்கு டிக்கெட்டே கிடையாது, சும்மா உள்ள போயி எங்க வேணும்னாலும் ஒக்காரலாம். ஓசியில கெடைக்கறதுக்கு நம்மூட்டுல எப்பவும் மதிப்பில்ல. ரெண்டு மணி வெயில்ல ஒரு சின்னப் பொண்ணு முந்நூறு நாற்காலிக்குப் பாடும். அதுல இருவது நாற்காலியிலதான் ஆளு. இருவதுல நாலு பேரு அந்தப் பொண்ணுக்குச் சொந்தக்காரங்க, ரெண்டு பேரு ஏ.சி.க்கு வந்தவங்க. வயித்துல பயம், குரல்ல தெம்பு, ரெண்டும் சேந்து அந்தப் பாட்டு வர்ற மாதிரி அதுக்கு அப்புறம் அதே பொண்ணு பாடினாலும் வராது. வருசம் போவப் போவ அது ஏழு மணிக் கச்சேரிக்கு ஏறிடும். அப்ப நீ அந்தத் தேதிக்கு டிக்கெட் கெடைக்காம அவன் கால்ல இவன் கால்ல விழுவ. விழுந்தாத்தான் ரசிகன்.

காலையில மியூசிக் அகாடமி பக்கமும் போயிடாத. 1927-ல மெட்ராசுல காங்கிரஸ் மாநாடு நடந்துச்சு, அதோட ஒரு சங்கீத மாநாடும் வச்சாங்க. அதுல பொறந்த யோசனைதான் மறு வருசம் 1928-ல அகாடமியா ஆச்சு. இன்னைக்கும் சீசன்ல காலையில வித்வானுங்க மேடையேறி ஒரு ராகத்துல இந்தச் சுரம் வரலாமா, வரக்கூடாதான்னு பாடிக் காட்டிக்காட்டி வாதம் பண்ணுவாங்க. எனக்கு ஒரு எழுத்துப் புரியல. ஆனா நரைச்ச தலைங்க ரெண்டு ஒரு சுரத்துக்காக மொகம் செவக்க நிக்கறதைப் பாக்க எனக்கு அவ்ளோ ஆசை. அந்நேரத்துல நீ எந்திரிச்சிருக்கவே மாட்ட, வுடு.

சரி, ராத்திரிக் கச்சேரிக்கே போற. நாலு பேரு பாக்கற மாதிரி போற. அங்க எப்ப எந்திரிக்கணும்னு ஒரு முறை இருக்குது, கத்துக்க. இப்ப இருக்கற கச்சேரி வரிசை அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் கட்டிக் குடுத்ததுன்னு சொல்வாங்க. வர்ணத்துல ஆரம்பிப்பாங்க, சுறுசுறுப்பா ரெண்டு மூணு கீர்த்தனை, அப்பால பெருசா ஒண்ணு, அது முடியறப்ப தனி ஆவர்த்தனம், கடைசில துக்கடா, மங்களம். அந்தத் தனி இருக்குது பாரு, அதுதான் ஒனக்கு மணி. மிருதங்கக்காரரு ஒண்ணரை மணி நேரமா அடுத்தவங்க பாட்டுக்குப் பல்லக்கு தூக்கிட்டு, இப்பத்தான் தனக்குன்னு ஒரு கால் மணி நேரம் கெடைச்சு தொப்பியில கையை வைப்பாரு. வச்ச மாத்திரத்துல சனம் செருப்பைத் தேடும். கடக்காரரு வாசிக்கறது பூராவும் முதுகுங்களுக்குத்தான். ஒரு தபா நான் வெவரம் தெரியாம எந்திரிக்காம ஒக்காந்துட்டேன். பக்கத்து நாற்காலியில ஒரு பாட்டி மடியில வெரலு வச்சு ஒண்ணு, ரெண்டுன்னு தாளத்தைப் பிடிச்சிகினு இருந்தாங்க. மிருதங்கக்காரரு மேடையில இருந்து அந்த வெரலைக் கண்டுட்டாரு. அப்புறம் வாசிச்சதெல்லாம் அந்த வெரலுக்குத்தான். முடிப்பு வந்து வுழறப்ப பாட்டி தலையை ஒரு வெட்டு வெட்டுனாங்க, அவரு ஒரு சிரிப்பு சிரிச்சாரு. நீ அந்நேரம் எங்க இருந்திருப்பன்னு எனக்குத் தெரியும்.

காண்டீன்ல. அதைத் தப்புன்னு நான் சொல்லவே மாட்டேன். உள்ள போவத்தான் டிக்கெட், காண்டீனுக்குக் கிடையாது. வாழைப்பூ வடை, காசி அல்வா, டிகிரி காபி, எலை போட்டு முழுச் சாப்பாடு. பாட்டே கேக்காம சாப்பாட்டுக்குன்னே சபா சபாவாப் போறவங்க இருக்கறாங்க. எந்தச் சபாவுல எந்த வருசம் எவரு சமையல்னு அவங்களுக்கு அத்துப்படி. எனக்கு அவங்க மேல மரியாதை உண்டு. அவங்க எதுக்கு வந்தோம்னு தெரிஞ்சு வந்தவங்க.

இன்னொண்ணு. துக்கடா நேரத்துல நீ கார் எடுக்க ஓடிடுவ இல்ல, பல கச்சேரியில தமிழ்ப் பாட்டு வர்றதே அந்நேரத்துலதான். இது இன்னைக்கு நேத்து சங்கதி இல்ல. தமிழ்ப் பாட்டுக்கு வாசப்படியில எடம் குடுத்தா போதாது, நடு ஊட்டுல ஒக்கார வைக்கணும்னு சண்டை போட்டுத்தான் 1943-ல தமிழிசைச் சங்கமே ஆரம்பிச்சாங்க. பாரிமுனைப் பக்கம் ராஜா அண்ணாமலை மன்றத்துல இப்பவும் டிசம்பர்ல விழா நடக்குது. அங்கயும் போயிடாத. ஒங்க சிநேகிதக் கூட்டம் ஒண்ணும் அங்க வராது, எவனும் உன்னைப் பாக்க மாட்டான்.

மொத வரிசையில ஒக்காருவாரே ஒருத்தரு, சபாவுக்குச் சபா இருப்பாரு, பாத்திருப்ப. கண்ணை மூடி, கழுத்தைச் சாய்ச்சு, தொடையில தட்டிகினு, நடுநடுவுல 'சபாஷ்'. நடுவுல ஒத்தைக் கண்ணைத் தொறந்து யாரெல்லாம் வந்திருக்கறாங்கன்னு ஒரு சுத்து பாத்துப்பாரு. அவரு யாருன்னு எனக்கு ரொம்ப நாளு பிடிபடல. மாமல்லபுரம் போனப்ப தெரிஞ்சுது. அர்ச்சுனன் தபசுப் பாறையில ஒரு பக்கம் முனிவரு ஒத்தைக் கால்ல கையைத் தூக்கி நிக்கறாரு இல்ல, கீழ யானைக்கிட்ட ஒரு பூனையும் அதே மாதிரி பின்னங்கால்ல நின்னு தவசு பண்ணுது. சுத்தி எலிங்க நம்பிகினு நிக்குது. அந்தப் பூனைதான் இவரு. பல்லவங்காலத்துச் சிற்பி அன்னைக்கே இவரைப் பாத்துட்டான். டிசம்பர், ஜனவரியில அங்க சுற்றுலாத் துறை நாட்டிய விழா நடத்துறாங்க. கடக்கரைக் காத்துல ஆடறதைப் பாக்கலாம். ஆட்டம் தொடங்கறதுக்கு முன்னால வெளிச்சம் இருக்கறப்பவே போயி, அந்தப் பூனைக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு வா.

போற வழியில முட்டுக்காட்டுல தட்சிணசித்ரா. 1996-ல தொறந்தது. பழைய ஊடுங்களைப் பிரிச்சு எடுத்தாந்து மறுபடியும் கட்டி வச்சிருக்கறாங்க. நெசவாளி ஊடும் ஒண்ணு இருக்குது. நீ டிக்கெட் வாங்கி உள்ள போயி, திண்ணையில சாஞ்சு போட்டோ எடுத்து எனக்கே அனுப்பிச்ச. 'தாத்தா, செமயா இருக்குது'ன்னு ஒரு வார்த்தை வேற. நல்லா இருக்குதுடா. இங்க அதே மாதிரி ஊடு, அதே மாதிரி திண்ணை, உள்ள ஒரு நெசவாளியும் உசுரோட இருக்கறான். டிக்கெட் மட்டும் போடல. அதான் நீ வர்றதில்ல போல.

ஈசிஆர்ல சினிமாப் பாட்டுக் கச்சேரிக்கு ஆயிரக்கணக்குல குடுத்துட்டு, கேட்டுக்கு வெளியவே நின்னு ஸ்பீக்கர் சத்தத்தைக் கேட்டுட்டு வந்த கதையை நான் எடுக்கவே மாட்டேன். புத்தகக் கண்காட்சிக்கு வருசா வருசம் போற, அதுவும் நல்லதுதான். 1977-லருந்து நடக்குது, ஒங்கப்பன் கூட போயிருக்கறான். புத்தகத்துக்கு 10 சதவீதம் தள்ளுபடி, டெல்லி அப்பளத்துக்குத் தள்ளுபடி இல்ல. அப்படியிருந்தும் அப்பளக் கடையிலதான் வரிசை. போவட்டும்.

இந்த ஸ்டாண்ட்-அப் காமெடின்னு ஒண்ணுக்குப் போறியே, அதைப் பத்தித்தான் எனக்குக் கொஞ்சம் பேசணும். ஒருத்தன் மைக்கைப் புடிச்சிகினு நிப்பான், அவன் பொண்டாட்டியைப் பத்தி, மேனேஜரைப் பத்திச் சொல்லுவான், நீங்க ஐந்நூறு ரூபா குடுத்துட்டுச் சிரிப்பீங்க. சிரிங்க. எங்க கூத்துல கட்டியக்காரன்னு ஒருத்தன் வருவான். ராசாவுக்குக் கட்டியம் சொல்றவன் அவன்தான், அந்த ராசாவையே ராத்திரி பூரா கிண்டல் பண்றவனும் அவன்தான். துரியோதனன் மகாராசா வராருன்னு திரையைப் புடிச்சிகினு சொல்லிட்டு, அப்படியே நம்ம பக்கம் திரும்பி, 'ஏன்யா, இவரு போன வருசம் ஏரி காண்ட்ராக்ட் எடுத்தவராட்டம் இருக்கறாரே'ம்பான். ஏரி காண்ட்ராக்ட் எடுத்தவரு மொத வரிசையில பாயி போட்டு ஒக்காந்திருப்பாரு, கூத்துக்குப் பாதிப் பணமும் அவருதான் குடுத்திருப்பாரு. ஊரே சிரிக்கும், அவரும் சிரிச்சாவணும். பணம் குடுத்தவனைப் பணம் குடுத்த எடத்துலயே வச்சு வாங்கறதுக்கு ஒரு நெஞ்சு வேணும். ஒன் மைக்குக்காரனை அந்த ஹாலுக்குச் சொந்தக்காரனைப் பத்தி ஒரு வார்த்தை பேசச் சொல்லு, பாப்போம்.

கூத்தும் பட்டணத்துக்கு வருதே தாத்தாம்ப. வருது, வருது. 'சென்னை சங்கமம்'னு 2007-ல தொடங்குனாங்க, நடுவுல நின்னு போச்சு, 2023-லருந்து 'நம்ம ஊரு திருவிழா'ன்னு பொங்கலுக்கு மறுபடியும் நடத்துறாங்க. பறையாட்டம், கரகம், ஒயிலாட்டம், கூத்துன்னு பூங்கா, மைதானம் எல்லாம் களைகட்டும். நம்ம கலைஞருங்களுக்கு நாலு காசு, நல்ல சாப்பாடு. அதுல எனக்குச் சந்தோசம்தான். ஆனா கூத்துக்காரன் கல்யாண முருங்கைக் கட்டையில செதுக்கி, கண்ணாடிச் சில்லு ஒட்டுன கிரீடமும் புஜகீர்த்தியும் கட்டி, அரிதாரம் பூசி முடிக்கவே ரெண்டு மூணு மணி நேரம் ஆவும். மேடையில அவனுக்குக் குடுக்கறது பதினஞ்சு இருவது நிமிசம். துச்சாதனன் சபைக்கு வந்து, மீசையை முறுக்கி, திரௌபதி முந்தானையில கையை வைக்கறான், தொகுத்து வழங்கற பொண்ணு ஓடியாந்து 'மிக அருமையான நிகழ்ச்சி, நன்றி வணக்கம்'னுட்டுது. திரௌபதி மானத்தைக் கிருஷ்ணன் காப்பாத்தல, நிகழ்ச்சி நிரல் காப்பாத்திச்சு. கீழ நீங்க எல்லாரும் போனைத் தூக்கிப் படம் புடிச்சிகினு இருந்தீங்க.

இதே கூத்தை ஒழுங்கா ஒக்காந்து பாத்த பட்டணத்து ஆளும் உண்டு. ந. முத்துசாமின்னு ஒரு எழுத்தாளரு, புரிசை நடேசத் தம்பிரான் கூத்தைப் பாத்துட்டு மனசைப் பறிகொடுத்தவரு. 1977-ல கூத்துப்பட்டறையை ஆரம்பிச்சாரு. நீ கொண்டாடற பசுபதி, கலைராணி எல்லாம் அங்கிருந்து வந்தவங்கதான். பாத்தவன் ஒருத்தன் ஒழுங்காப் பாத்தா, அதுலருந்து எத்தனை மொளைக்குது பாரு.

அதனால ஒனக்கு நான் சொல்றது ஒண்ணே ஒண்ணு. எல்லாத்துக்கும் போவாத. ஒண்ணுக்குப் போ, கடைசி வரைக்கும் ஒக்காரு. அதைப் பழகிக்க நம்ம பக்கத்துல ஒரு எடம் இருக்குது. காஞ்சிபுரம் தாண்டினா செய்யாறு, வந்தவாசி, ஆரணி, எங்க பாத்தாலும் திரௌபதி அம்மன் கோயில். பங்குனிக்கு மேல ஆடி வரைக்கும் ஊரு மாத்தி ஊரு பாரதம் நடக்கும். மத்தியானம் பிரசங்கம், ராத்திரி கூத்து. அர்ச்சுனன் தபசு அன்னைக்குக் கோயில் வெளியில ஒசரமா மரம் நட்டிருப்பாங்க. வேசம் கட்டுனவன் ஒவ்வொரு படியா பாடிகினே ஏறுவான். கீழ கொழந்தை இல்லாத பொம்பளைங்க ஈரப்பொடவையோட நிப்பாங்க. உச்சியிலருந்து அவன் எலுமிச்சம்பழம், வில்வம், விபூதின்னு போடுவான், இவங்க முந்தானையில ஏந்திக்குவாங்க. அந்நேரத்துல அவன் நடிகன்னு அங்க ஒருத்தருக்கும் நெனப்பு இருக்காது, அவனுக்கே இருக்காது. கடைசி நாளு படுகளம். மண்ணுல துரியோதனனை மல்லாக்கப் படுக்க வச்சு பெருசா செஞ்சிருப்பாங்க. பீமன் தொடையில அடிச்சப்புறம்தான் திரௌபதி கூந்தலை முடிவா. அது முடிஞ்சு சாயங்காலம் தீமிதி.

இந்த வருசம் நம்மூரு பாரதத்துக்குத் தேதி வச்சாச்சு, ஒங்கம்மாகிட்ட சொல்லியிருக்கறேன். பாயும் போர்வையும் எடுத்துகினு வா. ராத்திரி பத்து மணிக்கு மேல மத்தளம் கொட்டினா விடியற வரைக்கும் எந்திரிக்கப்படாது. நடுவுல எந்திரிச்சா கட்டியக்காரன் பேரு சொல்லிக் கூப்புட்டு, எங்க போறேன்னு கேப்பான். ஒம் பேரையும் அந்தப் பிரியாணிக் கதையையும் நான் அவன் காதுல போட்டு வச்சாச்சு.