அசையாத குமிழின் பெருமை

கிட்டார் ஒலியைப் பெருக்கித் தரும், ஒற்றைக் குமிழ் வைத்த பூஸ்ட் பெடலைப் போல நம்பகமான துணை கிட்டார்காரருக்கு வேறொன்று அமையாது. மத்தியானம் சவுண்ட் செக்கில் எங்கே வைத்தோமோ, ராத்திரி கடைசிப் பாட்டு வரை அங்கேயே நிற்கும். பாடுகிறவர் சரணத்தில் குரலைத் தாழ்த்துவார், டிரம்ஸ்காரர் குச்சியை வைத்துவிட்டு பிரஷ்ஷை எடுப்பார். பெடல் அசராது. மேடையில் எல்லோரும் இளகும் நேரத்தில் தான் மட்டும் இளகாமல் நிற்க எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

அந்த நெஞ்சுரத்தை மதிக்கத் தெரிந்த ஊர் சென்னையை அடுத்த காட்டாங்குளத்தூர். 1985-இல் இங்கே பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய எஸ்.ஆர்.எம். இன்று ஜி.எஸ்.டி. சாலையோரம் ஒரு நகரமாகவே வளர்ந்திருக்கிறது. பொத்தேரி ஸ்டேஷனில் லோக்கலை விட்டு இறங்கும் கூட்டத்தில் முதுகில் கிட்டார் பையோடு பிள்ளைகளைப் பார்க்கலாம். சுற்றுவட்டாரத்தில் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறவர்களுக்குப் பஞ்சமில்லை. காமன் எமிட்டர் ஆம்ப்ளிஃபயரைத் தேர்வில் கண்ணை மூடிக்கொண்டு வரைந்துவிடுவார்கள். அதே சுற்று தங்கள் காலடியில் பெயிண்ட் அடித்த அலுமினியப் பெட்டிக்குள் கிடந்தாலும், அதன் நாலு ஸ்க்ரூவைக் கழற்ற மாட்டார்கள். செய்தவர் மேல் இவ்வளவு மரியாதை வைத்த தலைமுறை இதற்கு முன் இருந்ததில்லை.

அந்த மரியாதைக்கு உரியது உள்ளே இருக்கத்தான் செய்கிறது. 1960-களின் கடைசியில் நியூயார்க்கின் எலெக்ட்ரோ ஹார்மோனிக்ஸ் கொண்டுவந்த எல்.பி.பி.-1 இந்த வகைக்கு முன்னோடிகளில் ஒன்று. ஒரு டிரான்சிஸ்டர், கைவிரலில் எண்ணிவிடக்கூடிய ரெசிஸ்டர்கள், இரண்டு கண்டென்சர், வெளியே போகும் வழியில் ஒரு 100K வால்யூம் கண்ட்ரோல். கலெக்டரில் 10K, எமிட்டரில் 390 ஓம். ஏறக்குறைய இந்த இரண்டின் விகிதமே பெருக்கம். சிக்னல் இருபது மடங்குக்கு மேல் எழும். அரை நூற்றாண்டு கழித்தும் இதே சுற்றைப் புதுப் பெயர் சூட்டி விற்கிறார்கள். முன்னோர் சொல்லைத் தட்டாத பண்பு அது.

இன்னொரு பண்பும் உண்டு. காலால் மிதிப்பதற்கென்றே செய்த பொருளில், மிதித்தால் பூஸ்ட் வரும் அல்லது போகும்; அவ்வளவுதான். எவ்வளவு வர வேண்டும் என்ற முடிவைக் கைக்கு ஒதுக்கிவிட்டார்கள். கிட்டார்காரரின் இரண்டு கையும் ஓய்வாக இருக்கின்றன என்று நினைக்க எத்தனை பெரிய மனது வேண்டும்! ஆபிரகாம் ஜோர்டன் 1712-இல் லண்டன் செயின்ட் மேக்னஸ் தேவாலய ஆர்கனில் ஒலியை ஏற்றி இறக்கும் ஸ்வெல் பெட்டியை வைத்தார். அதன் கதவைத் திறந்து மூடும் வேலை காலுக்குப் போனது, கைகள் கட்டைகளிலேயே இருந்தன. அந்த அனுபவத்தை எல்லாம் ஒதுக்கிவிட்டுப் புதிதாகச் சிந்தித்திருக்கிறார்கள்.

நம் சங்கீதத்துக்கு இது செய்திருக்கும் உதவி தனி. வயலினில் வில்லின் அழுத்தம் ஒரே சுரத்துக்குள் ஒலியைப் பெருக்கியும் ஒடுக்கியும் காட்டும்; நாகஸ்வரத்தில் மூச்சு அதைச் செய்யும். கிட்டாரில் தந்தியை மீட்டிய கணமே ஒலி தேயத் தொடங்கிவிடுகிறது. மாண்டலின் ஸ்ரீனிவாஸ் மின் மாண்டலினிலும், பிரசன்னா மின் கிட்டாரிலும் கர்நாடக சங்கீதத்தை வாசித்துக் காட்டிய தமிழ் மண் இது. இழுத்த தந்தியில் கமகம் அசையும்போது ஒலியும் கூடவே ஏறி இறங்கினால் அது பாட்டாகும் என்று இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கமகம் முழுவதையும் இருபது மடங்கில் ஒரே மட்டமாக நிறுத்தும் குமிழ், கேட்பவர் கற்பனைக்கு எவ்வளவோ மிச்சம் வைக்கிறது.

சரி, பெட்டியைத் திறந்தே தீருவேன் என்கிறவர்களையும் பாராட்ட வேண்டும். காலால் சாய்த்துக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்பிரஷன் பெடலை வாங்கி, ஸ்டீரியோ ஜாக் ஒன்றைப் பொருத்தி, 100K கண்ட்ரோலின் மூன்று காலிலிருந்து நேரே மூன்று வயர் இழுத்து சால்டர் வைத்துவிடுகிறார்கள். துணிச்சலில் குறையே இல்லை. எக்ஸ்பிரஷன் பெடலுக்குள் பெரும்பாலும் இருப்பது 10K லீனியர் கண்ட்ரோல். டிரான்சிஸ்டர் வெளியே தள்ளும் வழியிலேயே 10K இருக்கிறது. அதன் தலையில் இன்னொரு 10K-யை ஏற்றினால் பூஸ்ட்டில் பாதி அங்கேயே கரைந்துவிடும். லீனியர் என்பதால் பாதி மிதிக்குள் ஒலி வந்து முடிந்துவிடும், மீதிப் பாதியில் கால் நிம்மதியாக இளைப்பாறலாம். தேய்ந்த டிராக்கின் கரகரப்பும் இருபது மடங்குச் சிக்னலோடு ஸ்பீக்கருக்கு நேரே போய்ச் சேரும். தவறி மோனோ வயரைச் செருகினாலோ ஜாக்கின் நடு இணைப்பான ரிங் தரையோடு ஒட்டி, அரங்கில் பூரண அமைதி.

எக்ஸ்பிரஷன் பெடல் செய்யும் கம்பெனிகளின் அக்கறையும் சின்னதல்ல. கண்ட்ரோலின் நடுக்காலை ஒருவர் பிளக்கின் நுனியான டிப்பில் வைப்பார், இன்னொருவர் ரிங்கில் வைப்பார். மல்டிமீட்டர் பிடிக்கப் பழகாமல் எந்தப் பிள்ளையும் வாசிக்கப் போய்விடக் கூடாதல்லவா!

ஒலியைப் பெட்டிக்கு வெளியே அனுப்பாமலே காலுக்கு வேலை கொடுக்க முடியும். ஒரு எல்.இ.டி.யையும் ஒரு எல்.டி.ஆரையும் முகத்துக்கு முகம் வைத்து, கறுப்பு ஸ்லீவில் வெளிச்சம் புகாமல் மூட வேண்டும். எல்.டி.ஆர். வெளியேறும் கண்டென்சருக்கும் 100K கண்ட்ரோலுக்கும் நடுவே உட்காரும். எக்ஸ்பிரஷன் பெடல், 9 வோல்ட்டைப் பங்கிட்டு 1K வழியாக எல்.இ.டி.யின் வெளிச்சத்தை மட்டும் கூட்டிக் குறைக்கும். வெளிச்சம் பட்டால் எல்.டி.ஆர். சில நூறு ஓமுக்கு இறங்கும், இருட்டில் மெகா ஓமுக்கு ஏறும். அது சற்று மந்தமானது என்பதே இங்கே வரம். மிதியின் கரகரப்பு ஒலியை எட்டுவதில்லை. எல்.டி.ஆருக்குக் குறுக்கே ஒரு 1M ப்ரீசெட் போட்டால், குதிகாலை அழுத்தும்போது எவ்வளவு ஒலி தங்க வேண்டும் என்பதையும் வைத்துக்கொள்ளலாம். ஜாக்குக்குப் போகும் 9 வோல்ட் வழியில் 470 ஓம் ஒன்று இருந்தால் மோனோ வயர் செருகினாலும் எதுவும் கெடாது. பேட்டரியை எல்.இ.டி. சீக்கிரம் தின்றுவிடும், ஆகவே அடாப்டர் நல்லது. எல்லாம் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். பார்க் ஸ்டேஷன் வரை லோக்கலில் போய் வர வேண்டும், அவ்வளவுதான்.

இதைப் பெட்டி செய்தவர்கள் செய்யாமல் விட்டது நம் மேல் உள்ள அன்பால்தான். சுற்றை அடக்கிய பிறகும் உள்ளே இடம் கிடக்கிறது, பக்கச் சுவரில் ஒரு ஜாக்குக்கு வெற்று அலுமினியமும் காத்திருக்கிறது. அங்கே துளை போடும் பெருமையை நமக்கே விட்டுவைத்திருக்கிறார்கள். போர்டை முதலில் வெளியே எடுத்துவிடுங்கள், சீவல் உள்ளே விழக் கூடாது. 3 மி.மீ. பிட்டில் தொடங்கி 10 மி.மீ. வரை படிப்படியாகப் பெரிதாக்கினால் ஜாக் கச்சிதமாக உட்காரும்.